மண்டபத்து உப்புக்காற்றில் இரண்டு வருடம்: ஒரு 20 கிலோ பார்

இந்த பார், அதாவது இரண்டு ஓரத்திலும் எடைத் தட்டு (பிளேட்) மாட்டித் தூக்கும் உடற்பயிற்சிக் கம்பி, என் கைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறைகுறைகள் பிறகு. ஏனென்றால் முதல் குறை பாருடையது இல்லை, என்னுடையது.

2023 ஆகஸ்டில் மீரட்டிலிருந்து லாரி பார்சலில் வந்தது. ஏழடிக்கும் மேல் நீளம். "அண்ணே, உங்க பேருக்கு ஒரு கடப்பாரை வந்து கிடக்கு" என்று ராமநாதபுரம் பார்சல் ஆபீசிலிருந்து போன் செய்தார்கள். அதை பஸ்ஸில் ஏற்ற எந்த கண்டக்டரும் சம்மதிக்க மாட்டார். மதுரையில் மீன் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த தெரிந்த பையனின் மினி லாரியில் போட்டு எங்கள் கடலோர ஊரான மண்டபத்துக்குக் கொண்டுவந்தேன். வண்டியின் தளம் முழுக்க ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் கசிவும். பார் சுற்றிவந்த அட்டை நன்றாக ஊறிவிட்டது. வீடு சேர இரவு பதினொன்று. பட்டறைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் அட்டையைக் கிழித்தால் புத்தம் புதுக் கம்பியில் ஒரு சாண் நீளத்துக்குச் செம்புள்ளிகள், அம்மை போட்டது மாதிரி.

முப்பது வருடமாகப் படகு என்ஜின் பார்க்கிறவன் நான். உப்புத்தண்ணீர் பட்ட இரும்பை ராத்திரி முழுக்க அப்படியே விட்டிருக்கிறேன். பட்டறையில் வேலை பழகும் பையன் யாராவது இதைச் செய்திருந்தால் அவனை என்ன சொல்லித் திட்டியிருப்பேன் என்பதை இங்கே எழுத முடியாது.

கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை. ஸ்டிக்கர் மூன்றாம் மாதமே உரிந்துவிட்டது. தவிர, இந்த விலையில் கிடைக்கும் பார்கள் பலவும் ஒரே பட்டறையில் பிறந்து வேறு வேறு பெயர் வைத்துக்கொண்டவை போலத்தான் எனக்குத் தெரிகின்றன. நான் கொடுத்தது 14,500 ரூபாய், லாரி வாடகை 900 தனி. 20 கிலோ, தண்டில் ஹார்டு குரோம், இரண்டு ஓரத்து ஸ்லீவிலும் (பிளேட் மாட்டும், தனியாகச் சுற்றும் குழாய்) ஜிங்க் பூச்சு. கடலோரத்தில் இருந்துகொண்டு இப்படி ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மலையோரத்தில் இருப்பவர்கள் பாதியைத் தாண்டிப் போய்விடலாம்.

ஐம்பது வயது மெக்கானிக்குக் கடப்பாரை எதற்கு? நாற்பத்து நான்கு வயதில், ஒரு விசைப்படகின் கியர் பாக்ஸை நகர்த்தும்போது இடுப்பில் 'சடக்' என்று ஒரு சத்தம். பிறகு பத்து நாள் படுக்கை. ஸ்கேன் பார்த்த டாக்டர், "இனிமே கனமா எதையும் தூக்காதீங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கனமாகத் தூக்குவதுதான் என் தொழில் என்பதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் பிசியோதெரபிக்குப் போன இடத்தில் இருந்த பொண்ணுதான் விவரமாகப் பேசியது. "தூக்காம இருக்க முடியாதுல்ல அண்ணே? அப்ப ஒழுங்கா தூக்கக் கத்துக்கங்க" என்று ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை முன்னால் வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, முதுகை நேராக வைத்துக் குனியச் சொல்லிக்கொடுத்தது. கேனிலிருந்து காஸ் சிலிண்டர், சிலிண்டரிலிருந்து ஜிம். என் டெட்லிஃப்ட், அதாவது தரையில் கிடக்கும் கம்பியைத் தூக்கி நிமிர்வது, இப்படித்தான் தொடங்கியது. வலி உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு நேராகக் கம்பியிடம் போக வேண்டாம். நான் போனதே ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனதால்தான்.

அப்போது போன ஜிம்மில் கண்ணாடியும் கலர் லைட்டும் அமோகம். பார்தான் மெலிசு. என் வெர்னியரில் 25 மி.மீ. காட்டியது. அதுவும் வில் மாதிரி வளைந்து, ஸ்லீவ் சுற்றாமல் இறுகிக் கிடந்தது. டெட்லிஃப்ட் போட்டால் டைல்ஸ் உடையும், வேண்டாம் என்றார் ஓனர். நியாயம்தான், டைல்ஸ் அவருடையது. பட்டறைக்குப் பின்னால் எனக்கு ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை இருந்தது. உடைத்துப் பிரித்த படகின் பலகைகளைப் பரப்பி, மேலே லாரி டயர் ரப்பர் போட்டேன். ஸ்குவாட் ஸ்டாண்டும் பெஞ்சும் கிரில் பட்டறையில் சொல்லிச் செய்தது. பார் மட்டும் உள்ளூரில் செய்ய முடியாத சாமான்.

இனி பார்.

விட்டம் 28.6 மி.மீ. மூன்று இடத்தில் வெர்னியர் வைத்துப் பார்த்தேன், மூன்றிலும் அதே. பவர்லிஃப்டிங் என்பது மூன்று தூக்கல் கொண்ட போட்டி: கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து தள்ளும் பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட். அதன் விதிப்படி விட்டம் 28-லிருந்து 29-க்குள் இருக்க வேண்டும், நீளம் 2.2 மீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டிலும் பாஸ். எடையைப் பார்க்க நண்டு கம்பெனி எலக்ட்ரானிக் தராசுக்குத் தூக்கிப் போனேன். 19.7 கிலோ. "கடப்பாரை என்ன விலைக்குப் போகுதுண்ணே?" என்று ஏலக்காரர் கேட்டார். 300 கிராம் குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாம். கூடவே வாங்கிய வார்ப்பிரும்பு பிளேட்டுகளைத்தான் பொறுக்க முடியவில்லை. 20 என்று எழுதிய ஒன்று 19.3, அதன் ஜோடி 20.8. ஒரே கம்பியில் இடது பக்கம் ஒரு எடை, வலது பக்கம் ஒன்றரைக் கிலோ கூட! போட்டியில் ஒரு பிளேட் எழுதிய எடையிலிருந்து 0.25 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. 20 கிலோவுக்கு வெறும் 50 கிராம். எல்லா பிளேட்டையும் அதே தராசில் நிறுத்து, உண்மை எடையை வெள்ளை பெயின்டில் எழுதி, கிட்டத்தட்ட ஒத்துப்போவதை ஜோடி சேர்த்தேன். உங்கள் ஊரில் மீன் ஏலக்கூடம் இருந்தால் இந்த வேலையை முதல் நாளே முடித்துவிடுங்கள். இல்லையென்றால் பழைய இரும்புக் கடை.

நர்லிங், அதாவது கைப்பிடிக்காகக் கம்பியில் போட்டிருக்கும் சொரசொரப்பு, நன்றாக இருக்கிறது. ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன என் கைக்குக் கச்சிதம். அக்கா மகனுக்கு ஒரு வாரத்தில் உள்ளங்கை உரிந்தது. நடுவிலும் ஒரு பட்டை நர்லிங் உண்டு. ஸ்குவாட்டில் முதுகுச் சட்டையைப் பிடித்து நிறுத்தும், ஆகவே நல்ல சட்டை போட்டுக்கொண்டு செய்யாதீர்கள்.

ஸ்லீவ் சுற்றுவதற்கு 'நீடில் பேரிங்' (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் வைத்த பேரிங்) என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். முதல் சர்வீசுக்கு சர்க்கிளிப்பைக் கழற்றி ஸ்லீவை உருவினால் உள்ளே சாதாரண கன்மெட்டல் புஷ்தான், அதாவது வெறும் வெண்கல வளையம்தான் இருந்தது. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று. அதற்காக அவர்களைத் திட்ட வேண்டும். ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். ஒலிம்பிக் வெயிட்லிஃப்டிங்கில் பார் கையில் சுழல வேண்டும், அங்கே பேரிங் தேவை. ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மூன்றும் மெதுவான வேலை, புஷ் போதும். இந்த ஊர்க் காற்றில் நீடில் பேரிங் ஒரு வாடைக்காலம் தாங்கினால் அதிகம். ஊசிகள் துருவேறி இறுகிவிட்டால் புதிது தேடி எங்கே போவது? புஷ் தேய்ந்தால் லேத்தில் கடைந்து போட்டுக்கொள்ளலாம்.

சரி, துரு. இந்தப் பாரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி இதுதான்.

மண்டபம் எப்படிப்பட்ட இடம் என்று தெரியாதவர்களுக்கு: வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் குறுகலான ஒரு துண்டு நிலம். எங்கள் பேச்சில் பெண்கடல், ஆண்கடல். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடித்தால் தெற்குக் கடலின் உப்பு வரும், வாடை அடித்தால் வடக்குக் கடலின் உப்பு வரும். ஓய்வு கிடையாது. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆய்வகத்தார் உலோகங்கள் எப்படித் துருப்பிடிக்கின்றன என்று சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்கு பெயின்ட் அடித்து மாளவில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். அரசாங்கமே அவ்வளவு மெனக்கெடும் இடத்தில் நான் 14,500 ரூபாய் குரோமை நம்பினேன்.

குரோம் பூச்சு கண்ணுக்கு முழுசாகத் தெரியும், ஆனால் முழுசு கிடையாது. மயிரிழை விரிசல்கள் இருக்கும். அதிலும் நர்லிங்கின் பள்ளங்களில் பூச்சு மெலிசாகத்தான் ஏறும், மேடுகளில் தடிமனாக நிற்கும். முதல் நாள் செம்புள்ளி வந்ததெல்லாம் பள்ளத்தில்தான். ஒருமுறை உப்பு உள்ளே போய்விட்டால் தானாகக் காயாது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அதே விஷயம். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் மச்சான் சொல்வார், கடல் உப்பில் மெக்னீசியமும் கலந்திருக்கிறது, அது சோற்று உப்பைவிட மோசமாக ஈரத்தை இழுக்கும் என்று. இதோடு நம் வேர்வை. அதுவும் உப்பு. இதோடு கைக்குப் போடும் சாக் பவுடர். அது வேர்வையைக் குடித்துக்கொண்டு பள்ளத்தில் பத்துப் போட்ட மாதிரி உட்கார்ந்துவிடும்.

ஜிங்க் பூசிய ஸ்லீவின் கதை வேறு. ஒரே கச்சானில் திருநீறு பூசினது போல வெள்ளைப் பொடி பூத்துவிட்டது. அக்கா மகன் பதறிப்போய், "மாமா, ஏமாத்திட்டானுக" என்றான். நான் அவனைப் படகின் அடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். புரொப்பெல்லர் பக்கத்தில் துத்தநாகக் கட்டி வைத்திருப்போம். கடல்தண்ணீர் முதலில் அதைத் தின்னும், அது தீரும்வரை சாப்டைத் தொடாது. ஸ்லீவில் பூசிய துத்தநாகமும் அதே வேலையைத்தான் செய்கிறது, அது கரைவதுதான் அந்த வெள்ளைப் பொடி. ஆனால் படகில் கட்டி தீர்ந்தால் புதிது மாட்டலாம். ஸ்லீவில் பூசியிருப்பது காகிதத்தைவிட மெலிசு, பிளேட் ஏறி இறங்கி உரசும் இடத்தில் இன்னும் சீக்கிரம் போகும். ஒன்றரை வருடத்தில் என் ஸ்லீவின் உள்பக்கம் ஒரு சாண் அளவு வெறும் இரும்பாகிவிட்டது. இப்போது பழுப்பு நிறம், ஆனால் கை படாத இடம். விட்டுவிட்டேன்.

பிளேட் நகராமல் பிடிக்கக் கூட வந்த ஸ்பிரிங் கிளிப்புகள் நாலு மாதம்கூட நிற்கவில்லை. பிளாஸ்டிக் பூட்டு வாங்கினேன், துருப்பிடிக்க இதில் என்ன இருக்கிறது என்ற தைரியத்தில். அதில் ஒரு சின்ன ஆணி இருந்தது. அது துருப்பிடித்தது.

பராமரிப்பு என்று கேட்டால், தேடிப் பார்த்த இடத்தில் எல்லாம் 'எண்ணெய் போடுங்கள்' என்றுதான் இருந்தது. உள்நாட்டுக்காரர்களுக்கு அது சரி. இங்கே உப்பு படிந்த கம்பிமேல் எண்ணெய் போட்டால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியது மாதிரி ஆகிவிடும். கடலுக்குப் போய்வந்த அவுட்போர்டு என்ஜினை முதலில் என்ன செய்வோம்? நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவுவோம். பாருக்கும் அதேதான். அரை லிட்டர் நல்ல தண்ணீரில் துணியை நனைத்து முழுக்கத் துடை, நைலான் பிரஷால் பள்ளத்தில் உள்ள சாக்கைக் கிளறி எடு, காய்ந்த துணியால் துடை, கால் மணி நேரம் மின்விசிறி முன்னால் வை, கடைசியாகத் தையல் மெஷின் எண்ணெய் பத்துச் சொட்டு. தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தேன், ஒரு வாரத்தில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொண்டது. டீசல் வேண்டவே வேண்டாம், அடுத்த நாள் பெஞ்ச் பிரஸ்ஸில் முகத்துக்கு நேராக டீசல் நாற்றம். துரு தெரிந்தால் பித்தளை பிரஷ். அக்கா மகன் ஒருநாள் ஆர்வத்தில் இரும்பு வயர் பிரஷைப் போட்டுத் தேய்த்துவிட்டான், அந்த இடத்தில் குரோம் இப்போது பெயரளவுக்குத்தான்.

இதில் ஒரே சிக்கல் நல்ல தண்ணீர். எங்கள் பக்கம் தோண்டினால் உப்புத்தண்ணீர்தான். காவிரித் தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், வராத நாளில் குடம் கணக்கில் காசு. முதல் வாரம் நான் சொம்போடு கொட்டகைக்குப் போவதைப் பார்த்த என் வீட்டுக்காரி, "குடிக்கிற தண்ணில இரும்பைக் குளிப்பாட்டுறீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. ஏசி மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துப் பயன்படுத்தலாம் என்று பிறகுதான் தோன்றியது, அதில் உப்பு கிடையாது. ஆனால் ஏசி எங்கள் வீட்டில் இல்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கிறது. வாரம் ஒரு கேன் கொடுக்கிறார்கள்.

இன்னொரு தப்பும் செய்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஊருக்கு ஓய்வு, எனக்குத்தான் வருடத்திலேயே அதிக வேலை. எல்லாப் படகும் அப்போதுதான் பழுது பார்க்கக் கரையேறும். 2024 தடைக்காலத்தில் பார் பக்கம் போக நேரம் இருக்காது என்று தெரிந்து, நன்றாக எண்ணெய் பூசி, பழைய வேட்டியில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் கட்டி வைத்தேன். பிள்ளையைத் தொட்டிலில் போட்ட மாதிரி பத்திரமாக. ஜூனில் பிரித்தால் வேட்டி நெய்த வரிவரியாகத் துரு. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே போக வழியில்லை. திறந்தே தொங்கவிடுங்கள். காற்று பட்டாலும் பரவாயில்லை, காயவாவது காயும்.

இந்தத் தொழிலால் பயிற்சிக்கு ஒரு நல்லதும் உண்டு. இங்கே விசைப்படகுகள் வாரம் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும்: திங்கள், புதன், சனி. மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. விசைப்படகு கடலில் இருக்கும் சாயங்காலம் என் பட்டறை காலி. ஆக வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி, நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. ஐம்பது வயது உடம்புக்கு இதைவிடச் சரியான அட்டவணையை எந்தப் பயிற்சியாளரும் போட்டிருக்க மாட்டார், மீன்வளத் துறை போட்டுக்கொடுத்திருக்கிறது. திங்கள் ஸ்குவாட், புதன் பெஞ்ச், சனி டெட்லிஃப்ட். வெறும் கம்பியோடு இருபது நிமிடம் உடம்பைச் சூடாக்காமல் பிளேட் மாட்டுவதில்லை. காலையில் பிரஷர் பார்த்துவிட்டுத்தான் அன்றைய கனத்தை முடிவு செய்வேன். மூச்சை அடக்கித் தள்ளும்போது ரத்த அழுத்தம் ஏறும், என் வயதில் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. தடைக்காலத்தில் மீன் விலை ஏறிவிடும், கருவாட்டில் கை வைத்தால் பிரஷர் ஏறும், முட்டையிலேயே இரண்டு மாதம் ஓடும். மற்ற மாதங்களில் சூடை மீன் போதும், மலிவு. தடைக்காலம் முடிந்து ஜூனில் திரும்பப் பிடித்தால் பழைய எடைக்கு வர ஐந்து வாரம் ஆகிறது. இருபத்தைந்து வயதுக்காரன் இரண்டு வாரத்தில் வந்துவிடுகிறான். பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

அம்மா ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். கோயில் முன்னால் ஒரு இளவட்டக்கல் கிடக்கும். சின்ன வயதில் அதைத் தோளுக்கு ஏற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லுக்குத் துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் அதில் 2.5 கிலோ கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. முடிந்தால் தூக்கு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ. நடுவயதில் கற்றுக்கொள்கிறவனுக்கு அந்த இரண்டரைக் கிலோதான் எல்லாம்.

இனி இந்தப் பாரின் மிகப் பெரிய குறை. துருவைவிடப் பெரியது. எனக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் மேடையில்.

2025 பிப்ரவரியில் மதுரையில் ஒரு பவர்லிஃப்டிங் போட்டிக்குப் போனேன். வயதில் மூத்தவர்களுக்குத் தனிப் பிரிவு: 40 முதல் 49 வரை மாஸ்டர்ஸ் ஒன்று, 50 முதல் 59 வரை மாஸ்டர்ஸ் இரண்டு. நான் பிறந்தது ஐப்பசியில், ஆனால் விதியில் பிறந்த வருடம்தான் கணக்கு. ஜனவரி 1 அன்றே என்னை ஐம்பதாக்கி இரண்டாம் பிரிவில் போட்டுவிட்டார்கள். வருத்தமில்லை, இரண்டாம் பிரிவில் போட்டி குறைவு. உடல் எடையில் 83 கிலோ வகுப்பு, எடை பார்த்தபோது 81.6. உடம்போடு ஒட்டும் அந்த ஒற்றை உடுப்பைப் போட்டுக்கொண்டு நின்றபோது கூட வந்த அக்கா மகன் சிரித்ததை இன்னும் மன்னிக்கவில்லை.

ஸ்குவாட்டில் 125 கிலோவுக்கு மூன்று நடுவர்களும் வெள்ளை விளக்கு, அதாவது பாஸ். 135-க்கு இரண்டு சிவப்பு, இறக்கம் போதவில்லை. இடுப்பு மூட்டின் மேல்பகுதி முழங்காலின் மேல்பகுதிக்குக் கீழே போக வேண்டும். கொட்டகையில் அதைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை, அக்கா மகனிடம் கேட்டால் எல்லாமே 'சூப்பர் மாமா'தான். மூன்றாவது முறை 135 கிடைத்தது. அடுத்து பெஞ்ச். வழக்கம்போல மோதிரவிரலைக் கம்பியில் உள்ள வளையக் கோட்டில் வைத்துப் பிடித்தேன். 82.5 வந்தது, ஆனால் கை ஏதோ இடுக்கில் மாட்டியது போல ஒரு உணர்வு. பயம்தான் என்று நினைத்தேன். 90 நெஞ்சிலிருந்து ஒரு சாண் ஏறி நின்றுவிட்டது. மறுபடியும் 90, மறுபடியும் அதே இடம். கொட்டகையில் சாதாரண புதன்கிழமையில் இரண்டு தடவை தள்ளும் எடை அது. டெட்லிஃப்டில் 160, 170, 177.5 மூன்றும் வந்தன. மொத்தம் 395.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்துவிட்டு டேப்பை எடுத்து அளந்தேன். என் பாரில் இரண்டு வளையக் கோட்டுக்கும் நடுவே 91 செ.மீ. பவர்லிஃப்டிங் பாரில் அது 81 ஆக இருக்க வேண்டும், பெஞ்ச் பிரஸ்ஸில் ஆள்காட்டி விரல்கள் அதைத் தாண்டிப் பிடிக்கக் கூடாது என்பதற்காகவே போட்ட கோடு. 91 என்பது வெயிட்லிஃப்டிங் பாரின் கோடு. ஒன்றரை வருடம் நான் தவறான கோட்டை வைத்துப் பழகி, மேடையில் சரியான கோட்டைப் பிடித்தபோது ஒவ்வொரு கையும் 5 செ.மீ. உள்ளே போய்விட்டது. விட்டத்தை மூன்று இடத்தில் அளந்தவன், எடைக்காக நண்டுத் தராசுவரை போனவன், கோட்டை அளக்கவில்லை. விற்றவருக்குப் போன் செய்தேன். "எல்லா பாரும் அப்படித்தான் சார்" என்றார். 'பவர்லிஃப்டிங் பார்' என்று அவர்கள் போட்ட விளம்பரத்தை அனுப்பினேன். பதில் இல்லை.

வெள்ளை இன்சுலேஷன் டேப் சுற்றிப் பார்த்தேன், வேர்வையில் நகர்ந்தது, அடியில் உப்பு சேர்ந்தது. அரத்தால் கீறினால் குரோம் போய்விடும். கடைசியில் மகளின் சிவப்பு நெயில் பாலிஷில் 81 செ.மீ.க்கு இரண்டு வளையம் போட்டேன். எண்ணெய்க்குக் கரையவில்லை, மூன்று மாதம் நிற்கிறது. பிடியைச் சரிசெய்து பழகிய பிறகு 90 திரும்பக் கைக்கு வந்துவிட்டது. போன மாதம் 92.5.

வாங்கலாமா? பரமக்குடி, முதுகுளத்தூர் மாதிரி கடலிலிருந்து தள்ளி இருக்கிறீர்கள் என்றால் இந்த விலைக்கு இது நல்ல பார். 180 கிலோ ஏற்றியும் நூல் பிடித்துப் பார்த்தால் வளைவு இல்லை. கோட்டை மட்டும் அளந்துவிடுங்கள், 91 என்றால் நெயில் பாலிஷ் வாங்குங்கள். கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால், தண்டு மட்டுமாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் உள்ளதைப் பாருங்கள். விலை இரண்டு மடங்குக்கு மேல் போகும், நான் விசாரித்தேன். அவ்வளவு முடியாது என்றால் இதையே வாங்கி, வாரம் மூன்று முறை கழுவத் தயாராக இருங்கள். வாங்கிய அன்றே மீன் வண்டியில் ஏற்றாதீர்கள். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். கோடு சரியாக இருந்திருந்தால் மூன்றரை.

உச்சிப்புளி, பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருப்பவர்கள் காசு போடுவதற்கு முன் ஒருமுறை இதைப் பிடித்துப் பார்க்க நினைத்தால் பட்டறைக்கு வரலாம். திங்கள், புதன், சனி சாயங்காலம் இருப்பேன், தடைக்காலத்தில் வேண்டாம். வரும்போது ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள்.